சீனியர் ‘அப்கிரேட்’ பண்ணின கிட்டார்

லியோ ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் கலிஃபோர்னியாவுல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்தவர். அதனாலதானோ என்னவோ, 1954-ல அவரோட கம்பெனி வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒரு ரிப்பேர்காரர் யோசிச்ச மாதிரியே இருக்கும். நெக் நாலு ஸ்க்ரூவுல பாடியோட சேருது. பிக்கப், ஸ்விட்ச், வால்யூம், டோன் எல்லாமே ஒரே பிளாஸ்டிக் பிக்கார்டுல தொங்குது. அதைத் தூக்கினா ஜாக் தவிர மொத்த சர்க்யூட்டும் கையோட வந்துடும். நம்ம ஊர்ல விலை குறைவா கிடைக்கிற எலக்ட்ரிக் கிட்டார்கள்ல பெரும்பாலானவை இந்த டிசைனோட நகல்தான்.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. ஸ்க்ரூடிரைவர் வெச்சிருக்கிற எவரும் அதுல கை வைக்கலாம்! 1970-கள்ல மேற்கத்திய நாடுகள்ல இது ஒரு காய்ச்சலாவே பரவிச்சு. தனியா பிக்கப் விற்கிற கம்பெனிகள் வந்தாங்க. அதை மாட்ட இடம் போதலைன்னா உளியை எடுத்து உடம்பைத் தோண்டினாங்க. அப்படித் தோண்டின பழைய ஸ்ட்ராட்டுகளைப் பார்த்து இன்னைக்கு கலெக்டர்கள் கண்ணீர் விடுறாங்க.

அதுக்காக மாடிஃபிகேஷனே பாவம்னு சொல்ல வரலை. எட்டி வான் ஹேலன், ஸ்ட்ராட் மாதிரி உடம்புல கிப்ஸன் பிக்கப்பைத் திணிச்சு உருவாக்கின ‘ஃப்ராங்கன்ஸ்ட்ராட்’ 2019-ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் கண்காட்சி வரைக்கும் போச்சு. ஸ்ட்ராட்டுல முதல்ல மூணு நிலை ஸ்விட்ச்தான் இருந்துச்சு. வாசிக்கிறவங்க அதை ரெண்டு நிலைக்கு நடுவுல நிறுத்தி, ரெண்டு பிக்கப்பையும் சேர்த்து ஒலிக்க வெச்சாங்க. அந்தச் சத்தம் பிடிச்சுப்போய், 1977-ல கம்பெனியே ஐந்து நிலை ஸ்விட்ச் போட ஆரம்பிச்சது. என்ன பண்றோம்னு காதால கேட்டுப் பண்ணின மாற்றங்கள் இவை.

எங்க மியூசிக் கிளப் ரூம்ல இருந்த கிட்டார் வேற வகை. கிளப்புக்கு இருக்கிறதே அந்த ஒரு எலக்ட்ரிக் கிட்டார்தான். புதுசு வாங்க பட்ஜெட் கிடையாது. சில வருஷம் முன்னாடி ஒரு சீனியர் (பேர் வேண்டாம், இப்ப நல்ல வேலையில இருக்காரு) அதை ‘அப்கிரேட்’ பண்ணிட்டுப் போயிருக்காரு. பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பை எடுத்துட்டு ஹம்பக்கர் போட உளியால தோண்டியிருக்கு. உள்ளே சமையலறை அலுமினியம் ஃபாயில். பிரிட்ஜையே மாத்தி வேற இடத்துல ஸ்க்ரூ பண்ணியிருக்கு. மேல கறுப்பு எனாமல் பெயிண்ட். சத்தமோ போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல போனா சுருதி விலகும். ஃப்ரெஷர்ஸ் யாராவது ஆசையா எடுத்து வாசிச்சா, பத்து நிமிஷத்துல “எனக்கு வரலைண்ணா”ன்னு வெச்சிட்டுப் போயிடுவாங்க. பிரச்சனை அவங்க விரல்ல இல்லைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த மாதிரி கிட்டார் கைக்கு வந்தா முதல்ல வேலைகளை ரெண்டாப் பிரிச்சுக்கணும். சால்டர், வயர், ஸ்க்ரூ இதெல்லாம் எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம். எடுத்த மரம் திரும்ப வராது. அதனால எலக்ட்ரிக்கல் வேலை முதல்ல, டிரில் கடைசியில. எதைக் கழட்டுறதுக்கு முன்னாடியும் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. முன்னாடி பண்ணினவர் எதை எங்கே இணைச்சார்ங்கிறது தப்பாவே இருந்தாலும் அது ஒரு தகவல்.

கழட்டாமலே ஒரு டெஸ்ட் பண்ணலாம். கிட்டார்ல கேபிளைச் சொருகுங்க, மறுமுனையை ஆம்ப்ல போடாதீங்க. வால்யூமை முழுசா வெச்சு, அந்த முனையோட நுனிக்கும் உடம்புக்கும் நடுவுல மல்டிமீட்டரால ரெசிஸ்டன்ஸ் அளங்க. சாதாரண சிங்கிள் காயில் பிக்கப் ஏறக்குறைய 6 கிலோ ஓம் இருக்கும். வழக்கமான 250 கிலோ ஓம் வால்யூம் பாட் அதோட பேரலல்ல இருக்கிறதால மீட்டர்ல 5.9 கிட்டத்தட்ட வரணும். பூஜ்யம் வந்தா எங்கேயோ ஷார்ட். வெறும் பாட்டோட மதிப்பு மட்டும் வந்தா பிக்கப் வயர் அறுந்திருக்கு. எங்களுக்கு வந்தது 3.75. ஆறையும் பத்தையும் பேரலல்ல போட்டுப் பாருங்க, சரியா அதுதான் வரும். பிக்கார்டைத் தூக்கிப் பார்த்தா ரெண்டு பாட் மேலயும் ‘பி10கே’ன்னு அச்சடிச்சிருக்கு. நம்ம லேப்ல டஜன் கணக்கா கிடக்குமே, அதே 10 கிலோ ஓம் பாட்.

இங்கே கொஞ்சம் நிற்போம், ஏன்னா போர்வைச் சத்தத்தோட காரணமே இதுதான். பிக்கப்ங்கிறது காந்தத்தைச் சுத்தி முடியை விட மெல்லிசான செப்புக் கம்பியை ஏழெட்டாயிரம் சுத்து சுத்தின காயில். ரெசிஸ்டன்ஸ் 6 கிலோ ஓம்தான், ஆனா இண்டக்டன்ஸ் 2 ஹென்றிக்கு மேல இருக்கும். லேப்ல மில்லி ஹென்றியோட பழகின நமக்கு இது ராட்சச அளவு. அதோட கிட்டார் கேபிளுக்குன்னு ஒரு கெபாசிட்டன்ஸ் இருக்கு, மீட்டருக்கு சுமார் 100 பிகோஃபாரட். காயிலும் கேபிளும் சேர்ந்து ஒரு ரெசொனன்ட் சர்க்யூட் ஆகுது. 2.2 ஹென்றி, மொத்தம் 600 பிகோஃபாரட்னு வெச்சுக் கணக்குப் போட்டா பீக் 4.4 கிலோ ஹெர்ட்ஸ் பக்கத்துல வரும். நாம ‘ஸ்ட்ராட் சவுண்ட்’னு சொல்ற அந்தப் பளீர்த் தன்மை பெரும்பாலும் இந்தப் பீக்தான்.

இப்ப அதுக்குக் குறுக்கே 250-க்குப் பதிலா 10 கிலோ ஓம் போட்டா என்ன ஆகும்? பீக் செத்துடும். காயிலும் பாட்டும் சேர்ந்து சாதாரண லோ பாஸ் ஃபில்டர் ஆயிடும். மொத்த ரெசிஸ்டன்ஸ் 16 கிலோ ஓம், 2.2 ஹென்றி. கட் ஆஃப் 1.16 கிலோ ஹெர்ட்ஸ். அதுக்கு மேல உள்ளதெல்லாம் சரிவுதான். போதாததுக்கு 6-க்கும் 10-க்கும் நடுவுல வோல்டேஜ் டிவைடர் வேற, மிச்சம் வர்ற சத்தத்துலயும் மூணுல ஒரு பங்குக்கு மேல போச்சு. டோன் பாட்டும் 10 கிலோ ஓம்ங்கிறதால டோனை முழுசாத் திறந்து வெச்சாலும் கெபாசிட்டர் வழியா ட்ரெபிள் ஒழுகிட்டே இருக்கும். பிக்கப் மட்டம், ஆம்ப் மட்டம்னு இத்தனை வருஷமா திட்டு வாங்கின ரெண்டுமே நல்லாத்தான் இருந்துச்சு.

மாத்தினது ‘ஏ250கே’. முன்னாடி இருக்கிற ‘ஏ’ லாகரிதமிக்னு அர்த்தம், ‘பி’ன்னா லீனியர். நம்ம காது லாகரிதமிக்கா கேட்கிறதால வால்யூமுக்கு ‘ஏ’ போட்டாத்தான் திருப்பும்போது சத்தம் சீரா ஏறும். டோன் கெபாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட், மேல ‘223’ன்னு போட்டிருக்கும், சில ரூபாய்தான். பாட் முதுகுல கிரவுண்ட் வயரை சால்டர் பண்ண 25 வாட் அயர்ன் திணறும். ரொம்ப நேரம் பிடிச்சா பாட்டுக்குள்ள இருக்கிற டிராக் வெந்துடும். 40 வாட், கொஞ்சம் ஃப்ளக்ஸ், முதுகை லேசா உப்புத்தாள்ல தேய்ச்சுட்டு சட்டுனு வெச்சு எடுங்க.

அடுத்து அந்த அலுமினியம் ஃபாயில். எண்ணம் சரி: உள்ளறையைச் சுத்தி கண்டக்டர் சுவர் எழுப்பி கிரவுண்ட் பண்ணினா வெளி இரைச்சல் குறையும். ஆனா அலுமினியத்துல சாதாரண சால்டர் ஒட்டாது. அவர் கிரவுண்ட் வயரைச் சும்மா செருகி டேப் போட்டிருந்தார். ஒரு மூலை கிழிஞ்சு ஜாக்கோட சிக்னல் முனையில உரசி, அப்பப்ப சத்தமே நின்னுடும். அதை உரிச்சுட்டுச் செப்பு டேப் ஒட்டினோம். துண்டுகள் சேர்ற இடத்துல ஒரு பொட்டு சால்டர். ஜாக் பக்கத்துல உள்ள சுவருக்கு மேல இன்சுலேஷன் டேப்.

இரைச்சலைப் பத்தி இன்னொண்ணு. கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையுதா? அது கோளாறு இல்லை, இயல்பு. நம்ம உடம்பு மெயின்ஸ் மின்புலத்தை வாங்கிக் கிட்டாருக்குள்ள விடுற ஆன்டெனா மாதிரி. பிரிட்ஜுக்கும் கிரவுண்டுக்கும் ஒரு வயர் இருக்கும், அதனால கம்பியைத் தொட்டதும் நாமளும் கிரவுண்ட் ஆயிடுறோம். தொட்டும் குறையலைன்னா அந்த வயர் போயிடுச்சுன்னு அர்த்தம். எங்களுதுல பிரிட்ஜை மாத்தும்போதே போயிருந்துச்சு.

பிரிட்ஜும் நடு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கிற நிலையில சத்தம் டப்பா ரேடியோ மாதிரி மெலிஞ்சு வந்துச்சு. ரெண்டு பிக்கப்பும் எதிர் ஃபேஸ்ல இருக்கிறதோட அடையாளம் இது. முள் மீட்டர் இருந்தா கண்டுபிடிக்கிறது சுலபம்: பிக்கப் வயர்ல மீட்டரை மாட்டி, இரும்பு ஸ்க்ரூடிரைவரை பிக்கப் மேல வெச்சுப் படக்குனு தூக்குங்க. எல்லா பிக்கப்புக்கும் முள் ஒரே பக்கம் அசையணும். ஹம்பக்கர்னா ரெண்டு வரிசை மேலயும் படுற மாதிரி வைக்கணும். எதிர்ப்பக்கம் அசைஞ்ச ஹம்பக்கரோட ரெண்டு முனைகளையும் இடம் மாத்தினதும் சரியாச்சு. ஷீல்ட் வயர் தனியா இருக்கிற பிக்கப்ல மட்டும்தான் இப்படி மாத்தலாம். ஷீல்ட் எப்பவும் கிரவுண்டுலயே இருக்கணும்.

இனி மரவேலை. இதுலதான் கை நடுங்கும். ஸ்ட்ராட் வகையில நட்ல இருந்து பிரிட்ஜ் சாடில் வரைக்கும் கம்பி நீளம் 25.5 இன்ச், அதாவது 648 மி.மீ. ஃப்ரெட்டுகள் எல்லாம் அந்த நீளத்தை நம்பி வெட்டினவை. ஒவ்வொரு ஃப்ரெட்டும் மீதி நீளத்தை ரெண்டோட பன்னிரண்டாம் மூலத்தால வகுக்குது. பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியா பாதியில, 324-ல இருக்கும். எங்க கிட்டார்ல சாடிலை முழுக்க முன்னாடி தள்ளியும் மெல்லிய ‘இ’ கம்பி 654 வந்துச்சு. அப்ப பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்குப் பின்னாடி 330 மிஞ்சுது. 654-ஐ 330-ஆல வகுத்தா 2 வரணும், 1.982-தான் வருது. சுருதியில 16 சென்ட் கீழே. ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட். பயிற்சி இல்லாத காதுக்கே உறுத்துற அளவு. இதை எந்த ட்யூனராலயும் சரி பண்ண முடியாது. திறந்த கம்பி சரியா இருக்கும், மேலே போகப் போகத்தான் விலகும்.

பழைய ஓட்டையிலயே ஸ்க்ரூவைச் சாய்ச்சுப் போடலாம்னு தோணும். வேண்டாம். எம்-சீல், சுவர் புட்டி இதுவும் வேண்டாம், கம்பியோட இழுவைக்கு ஸ்க்ரூ பிடுங்கிட்டு வரும். ஓட்டைகளை 6 மி.மீ. டிரில்லால சுத்தம் பண்ணி, கெட்டி மரத்துல உருட்டுக் குச்சியை மரப்பசை போட்டு அடிச்சு, ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, துருத்துறதை உளியால சீவிடணும். (பிக்கார்ட் ஸ்க்ரூ மாதிரிச் சின்ன ஓட்டைகளுக்குப் பல்குத்தும் குச்சியும் பெவிகாலும் போதும்.) அப்புறம் ரெண்டு ஓரக் கம்பிகள் இடத்துல நட்ல இருந்து நூல் கட்டி, கடைசி ஃப்ரெட்டுல ரெண்டு பக்கமும் சம இடம் இருக்கிற மாதிரி பிரிட்ஜை நிறுத்தணும். மெல்லிய ‘இ’ சாடில் முன்னாடி இன்னும் ரெண்டு மி.மீ. நகர இடம் விட்டு, அதோட முனை 648-ல வரணும். தடிச்ச கம்பிகளோட சாடில் அதைவிடச் சில மி.மீ. பின்னாடி போகும், அதுக்கும் இடம் வேணும். மூணு பேர் தனித்தனியா அளந்து ஒரே எண் வந்த பிறகுதான் டிரில்லைத் தொட்டோம். ஆழம் தாண்டாம இருக்க பிட் மேல ஒரு டேப் அடையாளம். கிரவுண்ட் வயரை மறந்துடாதீங்க, பிரிட்ஜை இறுக்குறதுக்கு முன்னாடியே அடியில வந்துடணும்.

ஹம்பக்கருக்குத் தோண்டின குழியை அடைக்கலை. ஹம்பக்கர் நல்லாவே ஒலிக்குது. அந்த வகை பிக்கப்பை 1955-ல கிப்ஸன்ல சேத் லவர் உருவாக்கினதே இரைச்சலை ஒழிக்கத்தான், 50 ஹெர்ட்ஸ் ட்யூப்லைட்டுக்கு அடியில உட்கார்ந்து வாசிக்கிற எங்களுக்கு அது வரம். குழி அசிங்கம்தான், ஆனா பிக்கார்ட் மூடிடுது. இதே குழி 1950-கள்ல செஞ்ச அசல் ஸ்ட்ராட்டுல இருந்திருந்தா வேற பேச்சு. எனாமல் பெயிண்ட்டையும் விட்டுட்டோம். சுரண்டினா தூசி, நாத்தம், ரெண்டு வாரம் வேஸ்ட். சத்தத்துல எனக்குத் தெரிஞ்சு லாபம் ஒண்ணும் இல்லை. ‘ஒரிஜினல் கலர்’ வேணும்னு கிளப்ல ரெண்டு பேர் இன்னும் கேட்கிறாங்க, கேட்கட்டும்.

கடைசியா, கிட்டாரை விட்டுட்டு ஆம்ப் பிளக்கைப் பாருங்க. கம்பி கிரவுண்டோட சேர்ந்திருக்குன்னா ஆம்ப்போட எர்த்தோடயும் சேர்ந்திருக்குன்னு அர்த்தம். ரெண்டு பின் சாக்கெட்ல சொருகணும்னு மேல இருக்கிற பெரிய பின்னை உடைச்சு வெச்சிருந்தா, ஆம்ப் உள்ளே ஒரு இன்சுலேஷன் போனதும் கம்பி முழுக்க 230 வோல்ட் வரலாம். ஒரு கை கம்பியில, உதடு மைக்ல இருக்கிற நேரத்தை நினைச்சுப் பாருங்க. ஸ்டோன் தி க்ரோஸ் குழுவோட கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972-ல வேல்ஸ்ல மேடையிலேயே மைக்ல ஷாக் அடிச்சு இறந்தார், எர்த்திங் கோளாறுதான். ஆம்ப்பைச் சுவர்ல இருந்து கழட்டிட்டு, எர்த் பின்னுக்கும் ஆம்ப்போட ஜாக் உலோகத்துக்கும் கண்டினியூட்டி இருக்கான்னு மீட்டரால பாருங்க. சந்தேகம்னா காலேஜ் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிடுங்க, ஆடிட்டோரியம் சாக்கெட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க. எங்க ரூம்ல ஒரு சாக்கெட்டுக்கு எர்த் வயரே இல்லை. இப்ப இருக்கு.

கழட்டின பி10கே ரெண்டையும் துடைச்சு முதல் வருஷப் பசங்க அர்டுயினோ ப்ராஜெக்ட்டுக்குக் கொடுத்தாச்சு. ரெண்டும் நல்லா வேலை செய்யுதாம்.