அப்பா விட்டுச் சென்ற நிலமும் கடனும்: விற்பதற்கு முன் வாரிசுகள் பார்க்க வேண்டியவை

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வாசலில் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். ஒருவர் கடன் கொடுத்தவர். இன்னொருவர் "கிணற்றடிக் காட்டை எனக்கே கொடுத்துடுங்க, கடனை முடிச்சிடலாம்" என்று விலை பேச வந்தவர். துக்கத்திலும் அவமானத்திலும் அந்த நேரத்தில் போடுகிற கையெழுத்துதான் பின்னாளில் அண்ணன் தம்பிகளை நீதிமன்றத்துக்கு அலைய வைக்கிறது. கடனைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் இறப்பைப் பதிவு செய்யுங்கள். 21 நாட்களுக்குள் பதிந்துவிட்டால் வேலை சுலபம். அந்தச் சான்றிதழை வைத்து இ-சேவை மையத்தில் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு வட்டாட்சியர் வழங்குவார். கட்டிக் கொடுத்த மகளின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிக்கும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அப்படி வாங்கிய சான்றிதழை வைத்துச் செய்த கிரயம் நிலைக்காது. மேலும், வாரிசுகள் யார் என்பதைத்தான் இந்தச் சான்றிதழ் சொல்லும். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சொல்லாது.

பங்கு எப்படி வரும்? அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய 3 ஏக்கர் இருக்கிறது, உயில் எழுதவில்லை என்று வைத்துக்கொள்வோம். அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். அப்பாவைப் பெற்ற அப்பத்தாவும் உயிரோடு இருக்கிறார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஐந்து பேருக்கும் சமபங்கு, ஆளுக்கு 60 சென்ட். அப்பத்தாவை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. பிறகு அத்தைகளும் சித்தப்பாக்களும் அவர் பங்கைக் கேட்டு வரும்போதுதான் விழிப்பார்கள். பூர்வீகச் சொத்தாக இருந்தால் கணக்கு மாறும். தாத்தா காலத்துப் பத்திரங்களோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறு சட்டங்கள்.

எது அப்பா கடன், எது உங்கள் கடன்?

இறந்தவரின் கடனுக்கு, அவரிடமிருந்து வாரிசுகளுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் பொறுப்பு. அப்பா விட்டுப்போனது 5 லட்சம் மதிப்புள்ள சொத்து, கடன் 8 லட்சம் என்றால், மீதி 3 லட்சத்துக்காக நீங்கள் சொந்தமாகச் சம்பாதித்த வீட்டையோ மாட்டையோ யாரும் ஜப்தி செய்ய முடியாது. 2005இல் வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வாங்கிய கடனுக்கு, "மகனாகப் பிறந்ததால் நீதான் கட்டணும்" என்ற பழைய வாதமும் நீதிமன்றத்தில் எடுபடாது.

இது தெரிந்த கடன்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? "பழைய நோட்டு கிழிஞ்சு போச்சு தம்பி, உங்க பேர்ல புதுசா ஒண்ணு எழுதிக் கொடுங்க, பொறுமையா கட்டிக்கலாம்" என்பார்கள். எழுதிக் கொடுத்தால் அது அப்பா கடனாக இருக்காது. உங்கள் கடனாகிவிடும். உங்கள் சொத்து, சம்பளம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். புரோநோட்டுக்குக் காலக்கெடு 3 ஆண்டு. கெடு முடியுமுன் நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த 3 ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். நேர்மையான கடனைச் சாக்குச் சொல்லித் தட்டிக் கழிக்கச் சொல்லவில்லை. நோட்டின் அசலைப் பாருங்கள், தேதியைப் பாருங்கள், எவ்வளவு அசல், எவ்வளவு வட்டி என்று எழுதி வாங்குங்கள். பணத்தைக் கொடுக்கும்போது நோட்டைத் திரும்ப வாங்குங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கடனைக் கட்டாமல் அப்பா நிலத்தை விற்றுக் கல்யாணத்துக்கும் காருக்கும் செலவு செய்துவிட்டு "சொத்து ஒன்றும் இல்லை" என்று சொன்னால் செல்லாது. அந்த மதிப்புக்கு நீங்கள் பொறுப்புத்தான்.

கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் இருந்தால் முதலில் தவணைத் தேதியைப் பாருங்கள். கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. கெடு தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். துக்க வீட்டில் இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஜாமீன் போட்ட பக்கத்துக் காட்டுக்காரரையும் நினையுங்கள். உங்கள் பொறுப்புக்கு வரம்பு இருந்தாலும் சங்கம் அவர் கதவைத் தட்டலாம்.

அப்பாவின் பாஸ்புக்கை வரி வரியாகப் படியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 2 லட்சம் ரூபாய் வரும். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தாரா என்றும் கேளுங்கள். ஒரு ஏக்கரை விற்றுக் கட்ட நினைத்த கடன் இதிலேயே பாதி முடியலாம்.

விற்றே ஆக வேண்டும் என்றால்

வெளியாளிடம் போகும் முன் வாரிசுகளுக்குள்ளேயே வாங்க ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை விற்கும்போது மற்ற வாரிசுகளுக்கு அதை வாங்க முன்னுரிமை உண்டு. இது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. செலவும் குறைவு. வெளியாளுக்குக் கிரயம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ என்றால் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது.

வெளியாளுக்கு என்றால் எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். அப்பா யாருக்காவது பவர் கொடுத்திருந்தால் அது அவர் இறந்த அன்றே முடிந்துவிட்டது. அதை வைத்து விற்க வருபவரை நம்பாதீர்கள். வாரிசுகளில் 18 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால், அந்தப் பங்கை விற்க அம்மாவின் கையெழுத்து மட்டும் போதாது. மாவட்ட நீதிமன்றத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். வாங்காவிட்டால், பிள்ளை மேஜரான பிறகு 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டுக் கிரயத்தை ரத்து செய்யலாம். விவரம் தெரிந்தவர் இப்படிப்பட்ட நிலத்தை வாங்க மாட்டார். அரை விலைக்குக் கேட்பவர்தான் வாங்குவார்.

நிலம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்பதற்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அசல் பத்திரம் வீட்டில் இல்லையென்றால் எங்கோ ஈட்டில் இருக்கலாம். அப்படி இருந்தாலும் விற்க வழி உண்டு. வங்கியில் நிலுவைத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். வட்டியைக் குறைத்து ஒரே தவணையில் முடிக்கச் சலுகை இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்குபவர் அந்தத் தொகையை உங்கள் கையில் தராமல் நேரே கடன் கணக்கில் கட்டட்டும். கடன் தீர்ந்த ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, அசல் பத்திரம் கைக்கு வந்த பிறகு கிரயம் செய்யுங்கள். அதுவரை வாய்ப்பேச்சில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு நிலத்தை உழ விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தம் போட்டால் அதையும் பதிவு செய்யுங்கள்.

எவ்வளவு விற்பது என்பதில் என் யோசனை: கடனுக்குத் தேவையான சென்ட்டை மட்டும் அளந்து விற்றுவிடுங்கள். ஆனால் கிணறும் வண்டிப்பாதையும் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அளக்கச் சொல்லுங்கள். ரோட்டோரத்துத் துண்டுக்கு நல்ல விலை வருகிறது என்று விற்றுவிட்டு, பின்னால் இருக்கும் சொந்தக் காட்டுக்குப் போக வழியில்லாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். பாதை உரிமையையும் கிணற்றில் தண்ணீர் முறையையும் கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

மீதி நிலத்துக்குப் பாகப்பிரிவினை பதிந்து, உட்பிரிவு செய்து தனித்தனிப் பட்டா வாங்குங்கள். உடனே பிரிக்க முடியாவிட்டால் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாவது மாற்றிவிடுங்கள். இறந்தவர் பெயரிலேயே பட்டா கிடந்தால் அடுத்த போகத்துக்குப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, பி.எம். கிசான் என ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டியிருக்கும்.