விண்வெளிக் கணக்குகள் – 14: முன்னே தள்ளினால் பின்னே போகும்

1965 ஜூன் 3. ஜெமினி 4 விண்கலம் சுற்றுப்பாதையை அடைந்ததும், தங்களை ஏற்றிவந்த டைட்டன் ராக்கெட்டின் கழன்ற அடுக்கை நெருங்கிச் செல்ல ஜேம்ஸ் மெக்டிவிட் முயன்றார். அது கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கலத்தின் முகப்பை அதை நோக்கித் திருப்பி உந்திகளை இயக்கினார். இடைவெளி குறையவில்லை, கூடியது. எரிபொருள் மளமளவென்று தீரத் தொடங்கவே, முயற்சி கைவிடப்பட்டது. மெக்டிவிட் கொரியப் போரில் பறந்த தேர்ந்த விமானி. விமானத்தில் கைகொடுத்த பழக்கம் அங்கே அவருக்கு எதிராக வேலை செய்தது.

காரணம், சென்ற வாரம் பார்த்த கெப்ளரின் மூன்றாம் விதியிலேயே இருக்கிறது. போகும் திசையில் கலத்தை உந்தினால் அதன் பாதை பெரிதாகிறது. பெரிய பாதையைச் சுற்றிவர நேரம் கூடுதல். ஆகவே ஒரு சுற்று முடியும்போது, உந்திய கலம் பின்தங்கியிருக்கும்.

எவ்வளவு தூரம்? கூட்டிய வேகத்தைச் சுற்றுக்காலத்தால் பெருக்கி, மூன்றாலும் பெருக்கினால் போதும். 90 நிமிடத்தில், அதாவது 5,400 நொடியில் சுற்றும் கலத்துக்கு நொடிக்கு வெறும் 1 மீட்டர் கூட்டினால், ஒரே சுற்றில் 16.2 கிலோமீட்டர் பின்தங்கிவிடும்! அந்த மூன்று எங்கிருந்து வந்தது? வேகம் ஒரு சதவீதம் கூடினால் பாதையின் அரை நெட்டச்சு (நீண்ட விட்டத்தில் பாதி) இரண்டு சதவீதம் கூடும். சுற்றுக்காலமோ அரை நெட்டச்சின் ஒன்றரை அடுக்காக வளர்வது. இரண்டு இன்ட்டு ஒன்றரை, மூன்று.

முன்னால் போகிறவரைப் பிடிக்க வேண்டுமானால், வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும் என்பது இதன் மறுபக்கம். அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜெமினி 6ஏ தாழ்ந்த பாதையிலிருந்து துரத்தித்தான் ஜெமினி 7-ஐ எட்டியது. இரண்டும் ஓரடி இடைவெளி வரை நெருங்கின.

இதற்கான முழுச் சமன்பாடுகளை 1960-இல் கிளோஹெஸ்ஸி, வில்ட்ஷயர் இருவரும் வெளியிட்டார்கள். அடித்தளம் இன்னும் பழையது: நிலவின் இயக்கத்துக்காக ஜார்ஜ் வில்லியம் ஹில் 1878-இல் எழுதியது. ஒரு கலத்தில் அமர்ந்துகொண்டு மற்றதைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதையே இவை சொல்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த விடை இது: கலத்தைப் பூமிக்கு எதிர்த்திசையில், நேர் மேலாகத் தள்ளுங்கள். அது தொலைந்து போகாது. நீளம் அகலத்தைப் போல் சரியாக இருமடங்குள்ள நீள்வட்டம் ஒன்றை வரைந்து, ஒரு சுற்றின் முடிவில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்.

2025 ஜனவரி 8 அன்று விண்ணில் இரு செயற்கைக்கோள்களை இணைக்கும் ஸ்பேடெக்ஸ் முயற்சியை இஸ்ரோ ஒத்திவைத்ததையும் இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். இரு செயற்கைக்கோள்களையும் 225 மீட்டர் இடைவெளிக்குக் கொண்டுவரும்போது, விலகல் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததாக அறிவித்தார்கள். சுமார் 470 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு 94 நிமிடம். அங்கே நொடிக்கு 1 சென்டிமீட்டர் வேகப் பிழைகூட ஒரு சுற்றில் ஏறத்தாழ 170 மீட்டராகும். அந்த நிலையில் நிறுத்தி, நிதானித்தது மிகச் சரியான முடிவு. ஜனவரி 16 அன்று இரண்டும் இணைந்தன.

இவ்வளவும் பூமியைச் சீரான உருண்டையாக எடுத்துக்கொண்ட கணக்கு. உண்மையில் அதன் இடுப்பு பருத்திருக்கிறது. அந்தப் பருமன் சுற்றுப்பாதையின் தளத்தையே மெல்லத் திருப்புகிறது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.