குடியை விட்டவரைத் தனியே விடாதீர்கள்

ஜோகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி போகும் சாலையில் இருக்கிறது உலு திராம். ஒரு காலத்தில் சுற்றிலும் தோட்டங்கள். இன்று தாமான் டேசா செமர்லாங், தாமான் புத்திரி வங்சா என்று அடுத்தடுத்து குடியிருப்புகள், கடைவீடுகள், தொழிற்சாலைகள். விடியுமுன்பே மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இங்கே ஏராளம். தாத்தா லயத்தில் இருந்தார், அப்பா தோட்டத்தை விட்டு வெளியே வந்தார், பிள்ளை தாமானில் வீடு வாங்கினார் என்பது பல தமிழ்க் குடும்பங்களின் மூன்று தலைமுறைக் கதை. அந்த மூன்று தலைமுறையிலும் சில வீடுகளில் கூடவே வந்தது குடி. முதலில் கள், பிறகு சம்சு என்னும் மலிவுச் சாராயம், இப்போது பீரும் மலிவு விஸ்கியும்.

குடியால் கெட்ட குடும்பங்களின் கதை நமக்கு மனப்பாடம். யார் எந்தத் திருமணத்தில் குடித்துவிட்டுச் சண்டை போட்டார், யாருடைய ஈரல் கெட்டது, யார் சம்பளத்தோடு வீடு வந்து சேரவில்லை என்பதெல்லாம் சாவு வீட்டிலும் காப்பிக் கடையிலும் பேசித் தீர்ந்தவை. ஆனால் எட்டு வருடம், பதினைந்து வருடம் ஒரு சொட்டும் தொடாமல் இருக்கிறவரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 'இப்போ குடிக்கிறது இல்லையாம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் நாள் உழைப்பு இருக்கிறது, அந்த உழைப்பை யாரெல்லாம் தாங்கிப் பிடித்தார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கள்ளுக்கடையை மூடச் சொன்ன தொழிலாளர்கள்

மலாயாத் தமிழன் குடித்துக் குடித்தே கெட்டான் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். குடிக்கு எதிராக எழுந்து நின்றவர்களும் அதே தோட்டத் தொழிலாளர்கள்தான். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்த காலம் அது. கூலி வாங்கிய கை வீட்டுக்குப் போகும் வழியிலேயே காலியானது. 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வும் மருத்துவ வசதியும் இருந்தன. துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய அவமானம் ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது. அவற்றோடு சேர்ந்தே, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்ற கோரிக்கையும் இருந்தது. கள்ளை அவர்கள் தங்கள் மானத்தோடு சேர்த்துத்தான் பார்த்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கெடாவில் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. 1946, 47ஆம் ஆண்டுகளில் இளைஞர்கள் அணிதிரண்டு கள்ளுக்கடைகளின் முன்னால் மறியல் செய்தார்கள். 1947இல் காவல் துறையோடு மோதல் ஏற்பட்டது. தொழிலாளர்களின் உயிர் போனது. பலர் சிறை சென்றார்கள். படை ஒடுக்கப்பட்டது. குடியை ஒழிக்க உயிர் கொடுத்த சமூகம் இது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

ஆனாலும் அந்தப் போராட்டம் ஒரு வேலையை மிச்சம் வைத்துவிட்டுப் போனது. கடையை மூடலாம்; குடிக்கு அடிமையானவரின் உடம்பும் மனமும் அதனால் மட்டும் ஆறிவிடாது. கள்ளுக்கடை போன இடத்தில் சம்சு வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ் காலத்தில் மலிவுச் சாராயத்துக்கு எதிராகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. 2017 டிசம்பரிலிருந்து மது வாங்கும் வயது 21 ஆனது. 2018இல் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மது குடித்துப் பலர் இறந்தார்கள். சட்டமும் வேண்டும், எச்சரிக்கையும் வேண்டும். ஆனால் நாளைக் காலை கை நடுங்க எழப்போகும் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது?

ஓட்டல் முகப்பிலிருந்து ஒரு தொலைபேசி

அந்தக் கேள்விக்கு விடை அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில் கிடைத்தது. 1935 மே மாதம் நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சன் ஒரு வியாபாரத்துக்காக அங்கே வந்தார். காரியம் தோற்றது. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மேஃப்ளவர் ஓட்டலின் முகப்பில் நின்றால் ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். அங்கே இருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து வரிசையாக அழைத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை மருத்துவர். பதினைந்து நிமிடம்தான் பேசுவேன் என்று வந்தவர் பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். காரணம் எளிது. பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார்.

டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. அதையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். பாப் 1950இல் இறக்கும்வரை தொடவில்லை. பில் 1971இல் இறக்கும்வரை தொடவில்லை. குடியை விட்டவருக்கு, விடத் துடிக்கும் இன்னொருவர் வேண்டும் என்பதுதான் அவர்கள் கண்டது. உதவி வாங்குகிறவர் மட்டும் பிழைப்பதில்லை, கொடுக்கிறவரும் அதனால்தான் பிழைக்கிறார்.

ஏ.ஏ. கூட்டம் நடக்க ஓர் அறை, சில நாற்காலி, ஒரு கெட்டில் தேநீர் போதும். ஒவ்வொருவராக 'நான் ஒரு குடிநோயாளி' என்று சொல்லித் தொடங்குவார்கள். முதல் பெயர் மட்டும். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. கட்டணம் இல்லை, முடிந்தவர்கள் உண்டியலில் போடுவதுதான் வாடகைக்கும் தேநீருக்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. புதிதாக வந்தவருக்குப் பழையவர் ஒருவர் துணையாக நிற்பார். ஆசை கிளம்பும் இரவில் அந்தப் புதியவர் அழைக்க வேண்டிய எண் அவருடையது. வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்குவதில்லை; இன்று ஒரு நாள் குடிக்காமல் இரு என்றுதான் சொல்கிறார்கள்.

மாதங்களையும் ஆண்டுகளையும் எண்ணிக் கொண்டாடும் வழக்கமும் ஏ.ஏ.வோடு சேர்ந்து பரவியது. ஏக்ரன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் டாக்டர் பாபோடு சேர்ந்து குடிநோயாளிகளைக் கவனித்தவர் சிஸ்டர் இக்னேஷியா. குணமாகிப் போகிறவர் கையில் ஒரு சிறு பதக்கம் கொடுப்பார். மறுபடி குடிப்பதென்றால் முதலில் இதைத் திருப்பிக் கொண்டுவந்து தா என்பார். இன்று உலகமெங்கும் ஏ.ஏ. குழுக்களில் ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று வில்லை தருகிறார்கள். ஓராண்டு முடித்தவருக்குக் கேக் வெட்டிப் பிறந்த நாள் கொண்டாடும் குழுக்களும் உண்டு. முதல் நாள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது மருந்து. இவரால் முடிந்தது என்றால் என்னாலும் முடியும் என்று அவர் அங்கேதான் நம்பத் தொடங்குகிறார்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரைப் பார்த்தது. ஏ.ஏ.வோடு இணைக்கும் முறையான சிகிச்சை பெற்றவர்கள், மற்ற வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடத் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் முன்னால் நின்றார்கள் என்பது அதன் முடிவு.

முதல் மூன்று நாள் ஆபத்து

குடும்பத்தார் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. தினமும் அதிகம் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது என்று முற்றலாம். உயிருக்கே ஆபத்து. 'பேய் பிடித்துவிட்டது' என்று கயிறு கட்டிக்கொண்டிருக்கும் நேரமல்ல அது. உலு திராம்காரர்களுக்கு மவுண்ட் ஆஸ்டினில் உள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை தூரமில்லை. மனநல சிகிச்சைக்குத் தம்போயில் பெர்மாய் மருத்துவமனை இருக்கிறது. அவசரத்துக்கு 999. மனம் உடைந்து பேச ஆள் தேடுகிறவர்களுக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.

இன்னொன்று. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. டைசல்ஃபிராம் மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் இறங்கி ஆளே போய்விடலாம். மருத்துவர் பார்த்து, அவரே சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற வேறு மருந்துகளும் உண்டு. ஒளித்துக் கொடுப்பது எதையும் குணப்படுத்தாது. மிச்சமிருக்கும் நம்பிக்கையையும் அது அழிக்கும்.

மஞ்சக்குடி செய்தது

தமிழகத்தில் குடிநோயாளிகளை மீட்கும் பணிக்கு முகம் தந்தவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர், அவர் பெயரிலேயே 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைச் சென்னையில் தொடங்கினார். அங்கே சிகிச்சை நோயாளிக்கு மட்டுமில்லை, மனைவிக்கும் பெற்றோருக்கும் சேர்த்துத்தான். 1989இல் அறக்கட்டளை குடவாசல் பக்கத்து மஞ்சக்குடி கிராமத்தில் சிகிச்சை முகாம் நடத்தத் தொடங்கியது. மருத்துவர்களும் ஆலோசகர்களும் ஊருக்கே போனார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்வந்து உதவினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணெதிரே ஒருவர் குணமானால், அவரை வழுக்க விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் ஊருக்கு வந்துவிடுகிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆதரவு வேண்டும். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக அல்-அனானைத் தொடங்கினார். பாட்டிலை ஒளிப்பது, கடனை அடைப்பது, வேலையிடத்துக்குக் 'காய்ச்சல்' என்று பொய் சொல்வது என்று வருடக்கணக்கில் ஓடிய பெண்ணுக்கு, அது தன் குற்றமில்லை என்று சொல்ல ஆள் வேண்டும். அப்பா குடியை விட்ட பிறகும் கதவு தட்டும் சத்தத்துக்குப் பயந்து எழும் பிள்ளைக்கும் ஆறுவதற்குக் காலம் வேண்டும். வெட்டுப்பட்ட பால்மரத்துப் பட்டை மறுபடி வளரப் பல வருடம் பிடிக்கும். அதுவரை அதே இடத்தில் கத்தி வைக்கக் கூடாது என்று மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும். பழைய கதையைக் கிளறிக் கிளறிக் குத்துகிற உறவினர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

உலு திராம் செய்யக்கூடியது

முதல் ஆண்டுதான் கடினம். ஆண்டுகள் கூடக்கூட மறுபடி விழும் ஆபத்து குறையும்; ஐந்தாண்டு தாண்டியவர்களில் பெரும்பாலோர் நிலைத்து நிற்கிறார்கள் என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே அந்த முதல் ஐந்தாண்டைக் கடக்க உதவுவதே ஊரின் வேலை. வழியில் சறுக்கினால், 'எனக்குத் தெரியும், இவன் திருந்த மாட்டான்' என்று சொல்லாதீர்கள். மறுநாள் காலையில் மறுபடி கூட்டத்துக்கோ மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள்.

தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பில் மேசையில் பீர் இல்லாமலும் விருந்து சிறக்கும். திருமணத்தில் மண்டபத்துக்கு வெளியே காரின் பின்பெட்டியைத் திறந்து நடத்தும் குடிக் கச்சேரியை வீட்டுக்காரர்களே நிறுத்தலாம். சாவு வீட்டில் இரவு முழுக்க விழித்திருப்பவர்களுக்குக் காப்பி போதும். 'ஒரு கிளாஸ்தானே, என்ன ஆகிவிடும்' என்று யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது. கோயில் மண்டபமோ பள்ளி அறையோ வாரம் ஒரு மாலை ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்தால், தமிழில் பேசி அழ ஓர் இடம் உண்டாகும். கோயில் நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அதற்குச் சாவி கொடுத்தால் போதும். நடத்த வேண்டியவர்கள் குடியை விட்டவர்களே.

கொண்டாட்டத்திலும் ஒரு மரியாதை உண்டு. பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று நினைப்பவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது உதவியாகாது. அவருடைய ஓராண்டை வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடுங்கள். அவருக்கு உதவிய மருத்துவரையும், கூட்டத்துத் தோழரையும், பொறுமையாக வேலை கொடுத்த முதலாளியையும் நினைத்து ஒரு நன்றி சொல்லச் சொல்லுங்கள். தன் கதையை வெளியே சொல்லத் துணிந்தவர் இருந்தால், அவர் சொல்வதைப் பிள்ளைகளும் கேட்கட்டும்.

அறுபதாம் கல்யாணத்துக்கு ஊரைக் கூட்டுகிற சமூகம் நாம். பத்து வருடம் குடிக்காமல் வாழ்ந்த ஒருவர் அதற்குச் சற்றும் குறையாத ஒன்றைச் செய்திருக்கிறார். உங்கள் தாமானில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே அவரிடம் போய், 'உங்களை நினைத்துப் பெருமையாக இருக்கிறதுண்ணே' என்று சொல்லுங்கள். பிறகு, நேற்றுத்தான் நிறுத்தியவர் யாராவது தெரிந்தால் அவரிடம் இவரைக் கூட்டிப் போங்கள்.