உண்டியலில் கை வைத்தேன்!

"அம்மா! இவன் என் காசைத் திருடிட்டான்!"

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பெண் போட்ட கூச்சலில், அடுப்படியில் இருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், தகர உண்டியல் திறந்து கிடக்கிறது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் சின்னவன் முதுகில் அடி வாங்கிக்கொண்டு, "நான் எடுக்கலே, நான் எடுக்கலே" என்று விம்முகிறான். அவள் கையில் ஒரு துண்டுச் சீட்டு. பொங்கலுக்கும் பிறந்த நாளுக்கும் தாத்தா, மாமா, அத்தை கொடுத்ததையெல்லாம் கூட்டி எழுதி வைத்திருந்தாள்: 1,240 ரூபாய். எண்ணினால் 890தான் இருக்கிறது.

மீதி 350 ரூபாய் எங்கே போயிற்று? எனக்குத் தெரியும். சகோதரிகளே, எடுத்தது நான்தான்!

போன மாதம் ஒரு நாள் காலையில் பேப்பர்காரர் பாக்கி கேட்டு வாசலில் நின்றார். கையில் ரொக்கம் இல்லை. சாயங்காலம் போட்டுவிடலாம் என்று உண்டியலைத் திறந்தேன். அப்புறம் அடியோடு மறந்து போனேன். 'நம் குழந்தையின் பணம்தானே' என்ற அலட்சியம்தான், வேறென்ன!

பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. சின்னவன் முகத்தைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. "அவனை அடிக்காதேடி. அம்மாதான் எடுத்தேன்" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்பேனேம்மா! சீட்டுலயாவது எழுதி வச்சிருக்கலாமில்லே?" என்றாள். சுருக்கென்று தைத்தது.

"என் சிறுவாட்டுப் பணத்துல உங்க மாமா கை வச்சிருந்தா நான் சும்மா இருந்திருப்பேனா? சின்னப் பிள்ளைன்னா ரோஷம் இருக்காதா?" என்று மாமியார் வேறு அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்.

எழுதாத கடன்

அன்று ராத்திரியே ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டோம். தேதி, வரவு, செலவு, மீதி. முதல் வரியிலேயே 'அம்மாவுக்குக் கடன் 350' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாதம் பிறந்ததும் 360 ரூபாயாகத் திருப்பிக் கொடுத்தேன்.

"பத்து ரூபா ஜாஸ்தியா இருக்கேம்மா?"

"அதுக்குப் பேர்தான் வட்டி. உன் பணத்தை நான் ஒரு மாசம் உபயோகிச்சேன் இல்லே, அதுக்கு."

அந்தப் பத்து ரூபாயை என்ன செய்தாள் தெரியுமா? அடித்ததற்காகத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்!

சின்னவனுக்குப் பணம் என்றால் போன்தான். "காசு இல்லேன்னா போன்ல காட்டும்மா" என்கிறான். கடையில் நாம் போனைக் காட்டிவிட்டு வருகிறோம். கணக்கிலிருந்து பணம் கழிவது குழந்தைக்கு எப்படித் தெரியும்? அதனால் இப்போது வாரம் ஒரு நாள் காய்கறிக்கு 200 ரூபாய் ரொக்கமாக அவன் கையில் கொடுக்கிறேன். தக்காளி, கத்திரிக்காய்க்குக் கொடுத்து மீதியை எண்ணி வாங்குவதும் அவன்தான். பை நிறைய நிறையக் கையிலிருப்பது குறைவதைக் கண்ணால் பார்க்கிறான். போனில் பணம் கொடுக்கும் நாளில், முன்னால் இருந்த இருப்பையும் பின்னால் இருக்கும் இருப்பையும் காட்டிவிடுகிறேன்.

பாங்கில் ஒரு கேள்வி

பரீட்சை லீவில் பெண்ணைப் பாங்குக்கு அழைத்துப் போனேன். இவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். அப்பா கையெழுத்து இல்லாமல் நடக்குமா என்று எனக்குச் சந்தேகம். விசாரித்தால், தாயாரைக் கார்டியனாக வைத்துக் கணக்குத் தொடங்க ரிசர்வ் பாங்க் 1976லேயே வழி செய்திருக்கிறது! எந்த வயதுக் குழந்தைக்கும் கார்டியன் மூலம் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். பத்து வயது ஆகிவிட்டால், பாங்க் விதிக்கும் வரம்புக்குள் குழந்தை தானே கணக்கை நடத்தவும் 2025ல் வந்த உத்தரவு இடம் தருகிறது. தபால் ஆபீஸிலும் 500 ரூபாய் கட்டிச் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். போகும்போது குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், போட்டோ, நம்முடைய அடையாளச் சான்று எல்லாம் எடுத்துப் போங்கள். அலைச்சல் மிச்சம்.

உண்டியலில் 240 வைத்துக்கொண்டு, 1,000 ரூபாயைத் தன் கையாலேயே கவுண்ட்டரில் கட்டினாள்.

"என் பணம் அந்த இரும்புப் பெட்டியிலேயே இருக்குமாம்மா?"

"இருக்காது. வீடு கட்டுறவங்க, கடை வைக்கிறவங்களுக்குக் கடனாக் கொடுப்பாங்க. அவங்ககிட்டே நிறைய வட்டி வாங்கி, உனக்குக் கொஞ்சம் தருவாங்க. நூத்துக்கு மூணு ரூபான்னு வச்சுக்கிட்டா, உன் ஆயிரத்துக்கு வருஷத்துக்கு முப்பது ரூபா."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப பாங்கும் உன்னை மாதிரிதான் என் காசை எடுக்குது. ஆனா எழுதி வச்சுட்டு எடுக்குது!"

பாஸ் புத்தகம் எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்ததும் மாமியார், "பாங்கே முழுகிப் போச்சுன்னா?" என்று கேட்டார். பாங்க் டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரியிலிருந்து, ஒரு பாங்கில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அவருக்கும் நிம்மதி.

போன வாரம் ஆட்டோவுக்குச் சில்லறை இல்லை. "ஒரு ஐம்பது ரூபா கடன் கொடுப்பியாடி?" என்று கேட்டேன். உண்டியலை எடுக்கப் போவாள் என்று பார்த்தால், முதலில் நோட்டையும் பேனாவையும் கொண்டு வந்தாள்.

"கையெழுத்துப் போடும்மா!"

சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தேன்.