தோட்டத்துத் தொண்டர்களின் விசுவாசம் எதன் மீது?

தேர்தல் காலங்களில் கட்சித் தலைவர்களின் படங்கள் சுவர்களை நிறைத்துவிடுகின்றன. அவற்றை இரவோடு இரவாக ஒட்டியவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பலாங்கொடையைச் சூழவுள்ள தோட்டங்களில் பல தசாப்தங்களாக ஒரே கட்சிக்கு உழைத்து, பதவியோ ஊதியமோ பெறாமலேயே முதுமையடைந்த தொண்டர்கள் உள்ளனர். அவர்களை இயக்கும் உணர்வு எது என்பதை அறிய மலையகத்தின் கடந்த காலத்தைச் சற்று நோக்க வேண்டியுள்ளது.

1939 இல் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரஸ் பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸாக மாறியது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமை இல்லாதவனுக்குக் கட்சி என்பது தேர்தலில் வெல்வதற்கான அமைப்பன்று. துரையிடமும் கச்சேரியிலும் தனக்காகப் பேசும் வாயாகவே அவன் அதனைக் கண்டான். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, ஒரு விண்ணப்பப் படிவம் ஒரு குடும்பத்தின் நாட்டையே தீர்மானித்தது. எழுதப் படிக்கத் தெரிந்த தோட்டத் தலைவரின் கை அன்று எத்துணை பெறுமதியானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களையும் சந்தித்தன. அதன் பின்னரும் இங்கேயே தங்கியவர்களுக்கு சங்கம் என்பது துணை என்பதன் மறுபெயராயிற்று.

ஆகவே இத்தொண்டரின் விசுவாசம் கொள்கைப் பிரகடனங்களால் உருவானதன்று. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதி என அயலவரின் அன்றாடத் தேவைகளைச் சுமந்து நடந்ததால் உருவானது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்படும் வரை லயத்துக்கான பாதையையோ குடிநீரையோ கேட்டு நிர்வாகத்திடமும் அமைச்சரிடமும் மாறி மாறி நடந்தவரும் இவரே.

பலாங்கொடை நகர முஸ்லிம்களின் அனுபவம் வேறுபட்டதாயினும் அது உணர்த்தும் பாடம் நெருக்கமானது. சிங்கள வாக்காளர் பெரும்பான்மையாயிருந்த இத்தொகுதியில் 1977 இல் எம்.எல்.எம். அபூசாலி ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் வென்றார். சிதறி வாழும் சமூகம் தனது வாக்குகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இத்தகைய வெற்றி கிட்டாது. அயல் வீட்டுக் கதவைத் தட்டத் தயங்காத தொண்டர்கள் எச்சமூகத்துக்கும் அவசியம்.

எனினும், இவ்விசுவாசத்தைக் கட்சிகள் தமது சொத்தாகக் கருதுவதே கவலைக்குரியது. சந்தா சேர்க்கவும் கூட்டத்துக்கு ஆள் திரட்டவும் தேவைப்படும் தொண்டர், வேட்பாளர் பட்டியல் தயாராகும் வேளையில் நினைவுக்கு வருவதில்லை. "இத்தனை வருடம் உழைத்து என்ன கண்டீர்கள்?" எனப் பிள்ளைகள் கேட்டால் அவரிடம் விடை இல்லை. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து மலையகத் தமிழரான சுந்தரலிங்கம் பிரதீப் தெரிவானது பாரம்பரிய மலையகக் கட்சி ஒன்றின் சார்பில் அன்று, தேசிய மக்கள் சக்தியின் சார்பிலேயே. இம்மாற்றத்தின் பொருளைப் பழைய கட்சிகள் உணர வேண்டும்.

தொண்டரின் விசுவாசம் உண்மையில் கொடியின் மீதன்று, தனது லயத்து மக்களின் மீதே என்பது எமது கருத்தாகும். கட்சி அம்மக்களுக்குப் பயன்படும் வரை அவர் கட்சிக்காரர். அதனை மறந்த கட்சிக்கு ஒரு நாள் சுவரொட்டி ஒட்டவும் ஆள் கிடைக்காமல் போகலாம். அதனைவிடப் பெரிய இழப்பு, படிவம் நிரப்பித் தர ஆளின்றித் தவிக்கப்போகும் தோட்டத்து முதியவருக்கே உரியது.