முதல் பந்தி நுண்ணுயிர்களுக்கு

வயிறு புடைக்க மேய்ந்து வந்த பசு, பாலை மட்டும் குறைத்துவிடும். கோடையில் இது பல வீடுகளில் நடப்பதுதான். முற்றிக் காய்ந்த வெப்பமண்டலப் புல்லில் நார் மிகுதி, புரதம் சொற்பம். உலர் எடையில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாடு தின்னும் அளவே சுருங்கத் தொடங்கும்.

பசுவின் வயிற்றில் நான்கு அறைகள். அவற்றில் பெரியதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லின் நாரைச் சிதைப்பவை அவைதான். பசுவால் தானாக அது முடியாது. அவை பெருக நைட்ரஜன் வேண்டும். கிடைக்காவிட்டால் நார் செரிக்காமல் தேங்கும். வயிறு காலியாகாத மாடு மேற்கொண்டு மேயாது. அந்தப் புடைப்பு பசியாறியதால் வந்ததல்ல.

இந்த நிலையில் கடலைப் புண்ணாக்கு வைத்தால் முதலில் சாப்பிடுபவை நுண்ணுயிர்களே. பெருகிய பிறகு அவையே குடலுக்குப் போய்ச் செரித்து, பசுவுக்குப் புரதமாகின்றன. யூரியாவிலும் நைட்ரஜன் உண்டு. ஆனால் அது வயிற்றில் மளமளவென்று அமோனியாவாக மாறும். அளவு மிஞ்சினால் சில மணி நேரத்தில் மாடு செத்துவிடும். கை அளவை நம்பி அதைக் கலக்கவே கூடாது.

புண்ணாக்கு விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு அகத்தி, வேலிமசால், சூபாபுல் உண்டு. சூபாபுல் இலையின் உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம். கூடவே மைமோசின் என்ற நச்சும். ஆஸ்திரேலியாவில் இதை அதிகம் தின்ற மாடுகளுக்கு முடி உதிர்ந்தது, கழுத்துச் சுரப்பி வீங்கியது. ஹவாய் ஆடுகளோ அதையே தின்று நலமாக இருந்தன. அவற்றின் வயிற்றில்தான் விடை இருக்கிறது என்று ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கண்டார். அந்த ஆடுகளின் வயிற்று நுண்ணுயிர்கள் 1980களில் ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குப் புகட்டப்பட்டன. அதன்பின் அவையும் நச்சை முறித்தன. 1992இல் நச்சை முறிக்கும் அந்த பாக்டீரியாவுக்கு அவரைச் சிறப்பிக்கவே சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள்.

மழைக்குத் துளிர்த்த இளம்புல்லில் நிலைமை தலைகீழ். அதில் புரதம் 15 சதவீதத்தையும் தாண்டலாம். அப்போதும் வழக்கம்போலப் புண்ணாக்கைக் கொட்டினால், நுண்ணுயிர்கள் பயன்படுத்தாத அமோனியா ரத்தத்தில் கலந்து, கல்லீரலில் யூரியாவாகி, சிறுநீரிலும் பாலிலும் வெளியேறும். காசு போட்டு வாங்கிய புண்ணாக்கு இப்படி வீணாவது வேதனை. அந்த மாதங்களில் நுண்ணுயிர்களுக்குக் குறைவது மாவுச்சத்து. மக்காச்சோள மாவை அளவோடு வைத்தாலே போதும். புல் முற்றிக் கதிர் விட்ட பிறகு புண்ணாக்கை மறுபடி சேர்க்கலாம்.