இரு செல் குழுக்கள், ஒரு பேட்டரி

யுபிஐ சேவை 2016இல் அறிமுகமானதிலிருந்து, கைப்பேசி பலருக்குப் பணப்பையாகவும் பாஸ்புக்காகவும் மாறிவிட்டது. ஆகவே பேட்டரி தீர்ந்துபோனால் பேச முடியாமல் போவதோடு, நம் கணக்கில் உள்ள பணத்தை நாமே எடுத்தாள முடியாத நிலையும் ஏற்படுகிறது. “காலையில் முழுமையாகச் சார்ஜ் செய்தேன், அதிகம் பேசவில்லை, படம் எதுவும் பார்க்கவில்லை, மாலைக்குள் தீர்ந்துவிட்டது” என்று வியப்போர் உண்டு. நாம் தொடாதபோதும் கைப்பேசி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அறிந்தால் இந்த வியப்பு நீங்கும்.

ஒரே நேரத்தில் இரு இணைப்புகள்

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1ஆம் நாள் தொடங்கப்பட்டது. ஜியோ நிறுவனம் தனித்தியங்கும் 5ஜி கட்டமைப்பைத் தேர்ந்தெடுத்தது. ஏர்டெல் நிறுவனமோ ஏற்கெனவே இருந்த 4ஜி கட்டமைப்பின் மீது 5ஜியைச் சேர்க்கும் முறையில் தொடங்கியது. இந்த இரண்டாம் முறையில், தரவுப் பரிமாற்றம் நடைபெறும்போது கைப்பேசி இரு செல் குழுக்களுடன் ஒருசேர இணைந்திருக்க நேரிடுகிறது. 4ஜி செல்கள் தலைமைக் குழுவாக நின்று இணைப்பைக் கட்டுப்படுத்துகின்றன. 5ஜி செல்கள் துணைக் குழுவாகச் சேர்ந்து தரவை விரைவாகக் கொண்டுவருகின்றன.

வேகம் கூடுவது உண்மை. ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு. இரு வானொலிப் பகுதிகளும் விழித்திருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலிருந்தும் “உனக்குத் தரவு வந்துள்ளது” என்ற அறிவிப்பு வருகிறதா எனக் கைப்பேசி இடையறாது கேட்க வேண்டும். அருகிலுள்ள செல்களின் சமிக்ஞை வலிமையை அளந்து தெரிவிக்கவும் வேண்டும். தரவு எதுவும் வராவிட்டாலும் இப்படிக் காத்திருப்பதற்கே மின்சாரம் செலவாகிறது.

திரை அணைந்திருக்கும்போதும் மின்னஞ்சல் செயலிகளும் செய்திச் செயலிகளும் அவ்வப்போது சிறிதளவு தரவைக் கேட்கின்றன. ஒவ்வொரு முறையும் இணைப்பு திறக்கப்படுகிறது. தரவு வந்து முடிந்த பின்பும் சில வினாடிகள் அது திறந்தே இருக்கிறது. ஒரு குவளை தண்ணீருக்காக இரு குழாய்களைத் திறந்துவிட்டு, குவளை நிறைந்த பின்னும் மூடாமல் நிற்பது போன்றது இது.

உறங்க வைக்கும் உத்திகள்

இச்சிக்கலைத் தொலைத்தொடர்புத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு படிப்படியாகக் கையாண்டு வருகிறது. 4ஜி காலத்திலிருந்தே உள்ள அடிப்படை உத்தி, விட்டுவிட்டுக் கேட்பது. எப்போது விழிப்பது, எவ்வளவு நேரம் உறங்குவது என்ற கால அட்டவணையைக் கோபுரம் வகுத்துத் தருகிறது. இடைப்பட்ட மில்லிவினாடிகளில் கைப்பேசி உறங்குகிறது. இரு குழுக்கள் இருக்கும்போது இரு அட்டவணைகள் உண்டு. அவை ஒத்துப்போகாவிட்டால், ஒன்று உறங்கும்போது மற்றொன்று விழித்திருக்கும், சேமிப்பு குறையும்.

2020இல் நிறைவுற்ற 16ஆம் வெளியீடு, தரவு இருந்தால் மட்டுமே எழுப்பும் சமிக்ஞையைக் கொண்டுவந்தது. குறைந்த அலைவரிசையே போதும் எனக் கைப்பேசி தானே கோரும் வசதியும் அதில் சேர்ந்தது. 2022இல் நிறைவுற்ற 17ஆம் வெளியீடு மேலும் ஒரு படி சென்றது. துணைக் குழுவை முற்றிலும் துண்டித்தால், மீண்டும் இணைக்கத் தாமதமாகும். மாறாக, இணைப்பு விவரங்களை நினைவில் வைத்துக்கொண்டே அக்குழுவைச் செயலற்ற நிலையில் வைக்கலாம். தேவை எழும்போது தலைமைக் குழு அதை விரைவாக எழுப்பிவிடும்.

நாம் செய்யக்கூடியவை

பொறியாளர்கள் கண்ட இதே வழியை நாமும் பின்பற்றலாம். யுபிஐ பரிவர்த்தனைக்குத் தேவையான தரவு, ஒரு புகைப்படத்தை அனுப்பத் தேவைப்படுவதைவிட மிகக் குறைவு. அதற்கு 4ஜியே போதுமானது. ஓடிபியும் தடையின்றி வந்துசேரும்.

• பேட்டரி குறைந்திருக்கும்போதும், 5ஜி சமிக்ஞை வந்து வந்து மறையும் பயணங்களிலும், நெட்வொர்க் அமைப்பில் 4ஜியைத் தேர்ந்தெடுக்கலாம்.

• ஐபோன் 12 முதலான மாதிரிகளில் உள்ள ‘5ஜி ஆட்டோ’ தேர்வு, 5ஜியால் குறிப்பிடத்தக்க பயன் இல்லாதபோது தானே 4ஜிக்கு மாறிக்கொள்ளும்.

• பெரிய கோப்புகளைப் பதிவிறக்க நல்ல சமிக்ஞையுள்ள இடத்தில் 5ஜி ஏற்றது. வேலை விரைவில் முடிவதால் கைப்பேசி விரைவில் உறங்கும். ஆகவே 5ஜியை எப்போதும் அணைத்து வைக்க வேண்டியதில்லை.

• தேவையற்ற செயலிகளுக்குப் பின்னணியில் தரவு பெறும் அனுமதியை நீக்குங்கள்.

• பொது இடங்களில் உள்ள யுஎஸ்பி துளைகளில் சார்ஜ் செய்வதைத் தவிருங்கள். சார்ஜ் செய்யும் கேபிள் வழியே தகவல் திருடப்படக்கூடும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேடு எச்சரிக்கிறது. சொந்த சார்ஜரை மின்செருகியில் பொருத்துவதே பாதுகாப்பானது.

பணம் செலுத்தும்போது கைப்பேசி அணைந்தால்

ரகசிய எண்ணை இட்ட பின் கைப்பேசி அணைந்துவிட்டால், பரிவர்த்தனை நின்றுவிட்டதாகக் கருத வேண்டாம். கோரிக்கை சென்றுவிட்டிருந்தால், எஞ்சிய பணி வங்கிகளின் கணினிகளுக்கிடையே நடந்து முடியும். எனவே உடனே இரண்டாம் முறை செலுத்தாமல், முதலில் கணக்கு விவரத்தைச் சரிபாருங்கள். பணம் கழிக்கப்பட்டும் பெறுநரின் கணக்கில் சேராவிட்டால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, தனிநபருக்கு அனுப்பிய தொகை அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்தியது உறுதியாகாத நிலையில் இதற்கான காலவரம்பு 5 நாள்கள். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெறும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

கணக்கில் உள்ள பணத்தைத் தேவைக்கேற்பச் செலவிடுவது போலவே, பேட்டரியில் உள்ள மின்சாரத்தையும் தேவையறிந்து செலவிடுவோம். அவசரத் தேவைக்கெனச் சிறிது இருப்பு வைத்திருப்பது இரண்டிலும் நன்மை தரும்.